இரண்டாம் மாதத்து ஈகை

கொடுப்பவருக்கு ஒரு நாட்காட்டி உண்டு. பெறுபவருக்கு வேறொரு நாட்காட்டி உண்டு. கொடுப்பவரின் நாட்காட்டியில் ரமலான் இருக்கிறது, பெருநாள் இருக்கிறது, சம்பள நாளும் ஆண்டு விழாவும் இருக்கின்றன. பெறுபவர் புற்றுநோயாளியாக இருந்துவிட்டால், அவருடைய நாட்காட்டியில் எழுதப்பட்டிருப்பவை வேறு. மருந்து ஏற்றும் நாள், இரத்தம் சோதிக்கும் நாள், காய்ச்சல் கண்டு ஓடிவர வேண்டிய நாள், கையிலிருந்த பணம் தீர்ந்து ஊர் திரும்பிவிடலாமா என்று எண்ணும் நாள் ஆகியவையே அதை நிரப்பியிருக்கின்றன. இவ்விரண்டு நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போவதில்லை. அந்த ஒவ்வாமைக்குள் ஓர் அறக்கேள்வி அடங்கிக் கிடக்கிறது. அதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.

பிப்ரவரி 4ஆம் நாள் உலகப் புற்றுநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் அப்போது பணியாற்றி வந்த அலுவலகத்தில் அந்நாளைச் சிறப்பிக்க வேண்டுமென்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஊழியர் அனைவருக்கும் ஒரே நிறத்தில் பனியன் தந்தார்கள். நன்கொடைப் பட்டியல் ஒன்று மேசைக்கு மேசை வந்தது. நமக்கு முன்னால் கையொப்பமிட்டவர் எழுதியிருந்த தொகையைப் பார்த்துவிட்டு, கூட்டாமலும் குறைக்காமலும் அதே தொகையை நாமும் எழுதினோம். பிறகு அனைவரும் பேருந்தில் ஏறி, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள் இருந்த ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். பழமும் பிஸ்கட்டும் விளையாட்டுப் பொருள்களும் வழங்கப்பட்டன. வழங்கிய ஒவ்வொரு கையும் படமெடுக்கப்பட்டது.

அப்போது ஒரு தாய், முடி முழுவதும் உதிர்ந்து போயிருந்த தம் மகனின் தலைமீது முந்தானையை இழுத்துப் போர்த்தி, கேமராவுக்கு அவன் முகம் தெரியாதபடி தம் பக்கம் திருப்பிக்கொண்டார். நாம் வெட்கிப் போனோம். படமெடுப்பவரை அப்பால் போகச் சொன்னோம். அந்த அம்மையார் நம் சட்டையில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்துவிட்டு, "மறுபடி எப்ப வருவீங்க, பாய்?" என்று கேட்டார். பழத்துக்காக அவர் கேட்கவில்லை. "செவ்வாய்க்கிழமை இவனுக்கு மருந்து ஏத்தணும். சீட்டை எடுத்துக்கிட்டு மருந்து வாங்குற வரிசையில நான் போய் நின்னா, இவன்கூட இருக்க ஆளில்ல. ஒரு மணி நேரம் யாராச்சும் இருந்தாப் போதும்" என்றார். வருகிறோம் என்று சொன்னோம். செவ்வாய்க்கிழமை அலுவலக நாள். நாம் போகவில்லை.

எழுதிக் கொடுத்த தொகை என்னவென்பது இன்று நம் நினைவில் இல்லை. போகாத அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் நினைவில் இருக்கிறது. நாம் அன்று செய்தது ஈகைதானா என்னும் ஐயம் அதன் பின்னரே நம்மைப் பற்றிக்கொண்டது.

இவ்வையத்திற்கு உடனடியாகத் தோன்றும் விடை ஒன்று உண்டு. மேலதிகாரி சொன்னதற்காகக் கொடுத்தது ஈகையாகுமா? பனியனும் பதாகையும் படமும் சேர்ந்த கொடை முகஸ்துதி அன்றி வேறென்ன? மறைவாய்க் கொடுப்பதன் மேன்மையைச் சிறு வயதிலேயே ஓதிக் கேட்டவர்கள் அல்லவா நாம்? இவ்வாறு கேட்டு, நிறுவனங்களின் வாயிலாக நடைபெறும் தொண்டு முழுவதையுமே ஒதுக்கித் தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை.

முதலாவதாக, வெளிப்படையாய்க் கொடுப்பதை நம் மார்க்கம் விலக்கிவிடவில்லை. ஒருவர் கொடுப்பதைக் கண்டு பத்துப் பேர் கொடுப்பதுண்டு. நம் ஊர்களில் பள்ளிவாசலும் மதரஸாவும் குளமும் இவ்வாறே எழுந்தன. இரண்டாவதாக, கட்டாயத்தின் பேரில் கொடுப்பதெல்லாம் அறமன்று என்று சொல்லிவிட நம்மால் இயலாது. ஜகாத் கட்டாயக் கடமை. ஸதகா மனமுவந்து செய்வது. இரண்டையும் அருகருகே வைத்து வாழும் சமுதாயம் நாம். கணக்குப் பார்த்து நாற்பதில் ஒரு பங்கை எடுத்து வைக்கும்போது, அது நம் தயவு அன்று, ஏழையின் ஹக்கு என்பதை நாம் அறிந்தே எடுத்து வைக்கிறோம். கடமை என்பதனால் அதன் சிறப்புக் குன்றுவதில்லை. மாறாக, பெறுபவர் தலைகுனியாமல் பெறுவதற்கு அதுவே வழி செய்கிறது.

இதை நினைவிற் கொண்டு பார்த்தால், நம் நாட்டின் சட்டமொன்று நமக்குப் புதியதாகத் தோன்றாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய வரம்புகளுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவ நலப் பணியும் அவற்றுள் ஒன்று. தம் ஊழியர்கள் மட்டும் பயன்பெறும் செலவை இதில் காட்டிவிட முடியாது. சட்டத்தின் பேரில் கொடுப்பதும் கொடைதானா என்று சிலர் எள்ளி நகையாடுவர். நாம் நகைக்க மாட்டோம். பொருளில் பிறருக்குப் பங்குண்டு என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொள்ளுமானால், அது நாம் வெகுகாலமாய் அறிந்த ஒன்றையே ஒப்புக்கொள்கிறது.

ஆகவே, கொடுத்தவரின் உள்ளத்தைத் தோண்டிப் பார்த்து, இது தூயது, இது மாசுற்றது என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. உள்ளங்களை அறிந்தவன் ஒருவனே. நமக்குத் தெரியக்கூடிய அளவுகோல் வேறொன்று இருக்கிறது. அது கொடுத்தவரிடம் இல்லை, பெற்றவரிடம் இருக்கிறது. அந்த நோய்க்கு எவ்வளவு காலம் தேவையோ, அவ்வளவு காலம் நம் ஈகை நீடித்ததா என்பதே அவ்வளவுகோல்.

இந்நோயின் பரப்பைச் சற்றுக் காண்போம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 97 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். இந்தியாவில் மட்டும் புதிய நோயாளிகள் 14 இலட்சத்துக்கு மேல். இறந்தோர் 9 இலட்சத்துக்கு மேல். ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளையும் இளஞ்சிறார்களையும் இந்நோய் பற்றுகிறது. செல்வ நாடுகளில் அக்குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் குணமடைவோர் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இறைவன் அளித்த உடல் எங்கும் ஒன்றே, நோயும் ஒன்றே. அங்ஙனமிருக்க இவ்வளவு பெரிய இடைவெளி எங்கிருந்து வந்தது? நோய் காலந்தாழ்ந்து கண்டுபிடிக்கப்படுவது ஒரு காரணம். மருந்து கிடைக்காமை மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் நம் கவனத்துக்கு உரியது: தொடங்கிய சிகிச்சையை நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுதல். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் கடுமையான இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை தேவைப்படுகிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகவே கிடைத்தாலும், தங்க இடம் வேண்டும். மூன்று வேளை உணவு வேண்டும். தந்தை கூலி வேலைக்குப் போகாமல் உடனிருக்க வேண்டும். ஊரில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ பணம் தீர்கிறது. பிள்ளை சற்றுத் தேறியிருப்பது போலவும் தோன்றுகிறது. குடும்பம் ஊர் திரும்பிவிடுகிறது. பின்னர் நோய் திரும்பி வருகிறது.

இதை உணர்ந்தவர்கள் செய்த பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு மும்பையில் இருக்கிறது. அங்கு 1941ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகின்றனர். தங்க இடமின்றி நடைபாதையில் படுத்துக் கிடக்கும் குடும்பங்களை அப்பகுதியில் கண்டவர் பலர். செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் இல்லங்கள் என்னும் அமைப்பு 2006ஆம் ஆண்டில் அந்நகரில் தன் முதல் இல்லத்தைத் தொடங்கியது. சிகிச்சை பெறும் குழந்தையும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்கலாம், சமைத்து உண்ணலாம். பின்னர் அவ்வில்லங்கள் வேறு நகரங்களுக்கும் பரவின. அங்கே கொடுக்கப்படுவது மருந்தன்று, காலம். சிகிச்சை முடியும்வரை ஊர் திரும்பாமல் இருப்பதற்கான காலம்.

காலத்தின் தேவையை இன்னும் கூர்மையாகக் காட்டும் பொருள் ஒன்று உண்டு. கடும் மருந்து ஏற்றப்பட்ட நோயாளியின் உடலில், இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் குறைந்துவிடும். மிகவும் குறைந்துபோனால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து உயிர் போகலாம். ஆகவே பிறரிடமிருந்து தட்டணுக்களைப் பெற்று ஏற்ற வேண்டும். சிவப்பணுக்களைக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேலும் வைத்திருக்கலாம். தட்டணுக்களையோ ஐந்து நாள்களுக்கு மேல் வைத்திருப்பது அரிது. நம் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் ஆண்டுக்கு ஒருமுறை மேளதாளத்தோடு இரத்ததான முகாம் நடத்துகின்றன. ஒரே நாளில் இருநூறு பேர் வரிசையில் படுத்து இரத்தம் கொடுக்கின்றனர். நன்று. ஆனால் அன்று பிரித்தெடுத்த தட்டணுக்கள் அடுத்த வாரம் படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு உதவமாட்டா. அவனுக்குத் தேவை, ஒரே நாளில் இருநூறு பேர் அல்லர். வாரத்துக்கு நால்வராக ஐம்பது வாரம் வரக்கூடிய அதே இருநூறு பேர். ஆள்களின் தொகையும் ஒன்றே, கொடையின் அளவும் ஒன்றே. நாட்காட்டி மட்டும் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தில் உயிர்கள் இருக்கின்றன.

அப்படியானால் ஒருநாள் விழாக்கள் அனைத்தும் வீண்தானா? அன்று. விழா எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது அது. இங்கிலாந்தில் டக்ளஸ் மக்மில்லன் என்பவர், தம் தந்தை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டு, 1911ஆம் ஆண்டில் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. 1990ஆம் ஆண்டில் சிறிதாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் நாடு தழுவியதாக ஆகிய வழக்கம் ஒன்று அதற்குண்டு. செப்டம்பர் மாதத்தில் அலுவலகங்களிலும் வீடுகளிலும் ஒன்றுகூடிக் காப்பி அருந்தி, அதன் விலையாக ஒரு தொகையை உண்டியலில் இடுவார்கள். அரைமணி நேரத்துக் காப்பிதான். ஆனால் அப்பணம், ஆண்டு முழுவதும் நோயாளிகளுக்குத் துணைநிற்கும் தாதியருக்கும் அன்ன பிற பணிகளுக்கும் செல்கிறது. ஒருநாள் கூடியவர்களின் கொடை ஓராண்டுத் துணையாக மாறிவிடுகிறது. அந்நாட்டில் 1987 முதல், ஊழியர் விரும்பினால் மாதச் சம்பளத்திலிருந்தே அறக்கொடையைப் பிடித்தம் செய்யும் ஏற்பாடும் இருந்து வருகிறது. அதில் படமெடுக்க எதுவுமில்லை. அதனாலேயே அது சிறந்தது என்று நாம் கருதுகிறோம்.

கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸின் கதையும் ஈண்டு எண்ணத்தக்கது. எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்த அவர், 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கப் புறப்பட்டார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கனடா மக்கள் ஆளுக்கொரு டாலர் தர வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். 143 நாள்கள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது. அவர் கேட்ட தொகை அவர் கண்மூடுமுன்பே சேர்ந்துவிட்டது. 1981 ஜூன் 28ஆம் நாள், தம் 22ஆம் வயதில் அவர் மறைந்தார். தம் ஓட்டத்தைக் காட்டி எந்த வணிக நிறுவனமும் ஆதாயம் தேடக்கூடாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். அவர் பெயரால் 1981 முதல் ஆண்டுதோறும் பல நாடுகளில் நடைபெறும் ஓட்டங்களால் 80 கோடி கனடா டாலருக்கு மேல் திரண்டிருக்கிறது. ஒருநாள் ஓடியிருந்தால் அவர் ஒரு செய்தியாகியிருப்பார். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓடியமையால்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அவர் பின்னே ஓடுகின்றனர்.

தொலைநாடுகளை விட்டு, நம் அண்டையிலுள்ள கேரளத்துக்கு வருவோம். குணப்படுத்த இயலாத நிலைக்குச் சென்றுவிட்ட நோயாளிகளின் வலியைத் தணிப்பதற்கென, 1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. நாளடைவில் அதன் மருத்துவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். நோயாளி மருத்துவமனையில் இருப்பது சில மணி நேரம். வலியோடு இருப்பது வீட்டில். வீட்டுக்குச் செல்ல மருத்துவர்கள் போதமாட்டார்கள். அண்டை அயலார்தாம் செல்ல இயலும். எனவே 1999ஆம் ஆண்டில் மலப்புறம் மாவட்டத்தைக் களமாகக் கொண்டு, ஊர் மக்களே நடத்தும் வலிதணிப்புப் பணி வலையமைப்பு உருவாயிற்று. அதில் சேர்வதற்குக் கேட்கப்பட்டது பெருந்தொகையன்று. வாரத்துக்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க இயலுமா என்பதே கேள்வி. இயலும் என்றவர்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஆசிரியர், மாணவர், கடைக்காரர், கூலித் தொழிலாளர், இல்லத்தரசியர் எனப் பலரும் வந்தனர். செலவுக்கான பணத்தின் பெரும்பகுதியும் உள்ளூரிலேயே சிறுசிறு தொகைகளாகச் சேர்ந்தது.

அவர்கள் செய்யும் வேலையைப் பாருங்கள். புண்ணைத் துடைத்துக் கட்டுதல், மருந்து தீருமுன் தெரிவித்தல், அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசி கொண்டுபோதல், நோயாளியின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று விசாரித்தல், எதுவும் செய்ய இயலாதபோது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருத்தல். ஒருவருடைய படுக்கையருகே ஒருமுறை போனால் நாம் விருந்தாளி; பத்தாம் முறை போனால் உறவினர். நோயாளியின் கூச்சம் அப்போதுதான் அகல்கிறது. முந்தானை போர்த்தி முகம் மறைக்க வேண்டிய தேவையும் அப்போதுதான் நீங்குகிறது. ஊரார் தொடங்கிய பணியைக் கண்டு, 2008ஆம் ஆண்டில் கேரள அரசே வலிதணிப்புப் பணிக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. வாரத்தின் இரண்டு மணி நேரங்கள் ஓர் அரசின் கொள்கையாக வளர்ந்த வரலாறு இது.

தொடர்ந்து கொடுப்பதே அளவுகோல் என்று கொண்டோமானால், இன்னொரு கேள்வியிலிருந்தும் தப்ப முடியாது. ஒரு கையால் கொடுத்துக்கொண்டே மறுகையால் எட்டாத விலை வைப்பது அறமாகுமா? இமாட்டினிப் என்னும் மருந்தின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. ஒருவகை இரத்தப் புற்றுநோயை, நாள்தோறும் மாத்திரை விழுங்கி ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கக்கூடிய நோயாக மாற்றியது அம்மருந்து. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதைக் கிளிவெக் என்னும் பெயரில் விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனம், 2002ஆம் ஆண்டு முதல், மேக்ஸ் அறக்கட்டளையின் துணையோடு பல நாட்டு ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தை நடத்தியது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோர் அதனால் உயிர் பிழைத்தனர். இதை நாம் குறைத்துக் கூறோம். அத்திட்டம் ஒருநாள் விழாவன்று. மாதந்தோறும் வந்து சேர்ந்த மருந்து.

எனினும் அம்மருந்தின் விலை அப்போது இந்தியாவில் மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே கிடைத்தது. அம்மருந்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் செய்த விண்ணப்பத்தை எதிர்த்தவர்களுள், மும்பையில் 1969ஆம் ஆண்டு முதல் நோயாளிகளுக்கு உதவிவரும் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் ஒன்று. சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்குப் பல படிகள் ஏறி, 2013 ஏப்ரல் முதல் நாளன்று உச்சநீதிமன்றத்திலும் அந்நிராகரிப்பே உறுதியாயிற்று. மருந்து கண்டுபிடிக்கப் பெரும் பொருள் செலவாகிறது, அதை ஈடுசெய்ய வேண்டாமா என்று கேட்பாரும் உளர், அக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், நோயாளிகளுக்கு உதவுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு சங்கம், கொடையைப் பெற்றுத் தருவதோடு நின்றுவிடாமல் விலையையும் கேள்விக்குள்ளாக்கியதே, அதில் ஒரு பாடம் இருக்கிறது. கொடையாளர் மனம் மாறினால் கொடை நிற்கும். நியாய விலையோ எவருடைய மனமாற்றத்தையும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. தயவைவிட ஹக்கு நீடித்து நிற்கும்.

கொடை நின்றால் என்னாகும் என்பதற்கு எகிப்தில் ஒரு சான்று இருக்கிறது. கெய்ரோ நகரில் 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்கு 57357 என்பதே பெயர். அது எவருடைய பெயருமன்று. மக்கள் நன்கொடை செலுத்திய வங்கிக் கணக்கின் எண். செல்வரும் எளியோரும் செலுத்திய தொகைகளால் எழுந்த கட்டடத்திற்குத் தனியொருவர் பெயரைச் சூட்டாமல், எல்லோருடைய கையும் பட்ட அந்த எண்ணையே சூட்டியது எவ்வளவு பொருத்தம்! அங்கே குழந்தைகளுக்குச் சிகிச்சை இலவசம். ஆனால் 2022ஆம் ஆண்டில், நிதி வரத்துக் குறைந்த நிலையில், தாந்தா நகரிலிருந்த அதன் கிளை மூடப்பட்டது. கட்டடம் கட்டக் கொடுப்பவர் மகிழ்ந்து கொடுக்கின்றனர். கட்டிய பின் விளக்கெரியவும் மருந்து வாங்கவும் கொடுப்பவர் குறைந்துவிடுகின்றனர். இது எகிப்துக்கு மட்டும் உரிய குறையன்று. நம் ஊர்களில் திறப்பு விழாவோடு ஓய்ந்துபோன தருமங்கள் எத்தனை என்பதை நாம் அறிவோம்.

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். நிய்யத்து எப்போது தெரிகிறது? கொடுக்கும் கணத்தில் அது கொடுப்பவருக்கே தெளிவாகத் தெரிவதில்லை என்றே நாம் எண்ணுகிறோம். பட்டியலில் எழுதும்போது வெட்கமும் இரக்கமும் அதிகாரிக்கு அஞ்சும் அச்சமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. இரண்டாம் மாதம் வருகிறது. பதாகை இல்லை, படமெடுப்பவர் இல்லை, மேலதிகாரி கேட்கப்போவதில்லை. அப்போதும் கால் அந்தப் பக்கம் திரும்புமானால், முதல் மாதத்தில் கலந்துகிடந்தவற்றுள் இரக்கமும் இருந்தது என்று அறிந்துகொள்ளலாம். திரும்பாவிட்டால் அதையும் அறிந்துகொள்ளலாம். நாம் அறிந்துகொண்டது இரண்டாவதையே.

குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு நின்றுவிடுதல் எளிது. அதனால் யாருக்கும் பயனில்லை. நம் குடும்பங்களில் இன்று அலுவலகங்களிலும் ஆலைகளிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் நிறுவனங்கள் தொண்டுக்கு அழைக்கும்போது, முகஸ்துதி என்று ஒதுங்கிவிட வேண்டாம், போகட்டும். போய்வந்தபின், மறுமுறை எப்போது என்று கேட்கட்டும். ஆண்டுக்கொரு முகாமை வாரத்துக்கு நால்வராகப் பகிர்ந்துகொள்ளலாமே என்று மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லட்டும். படமெடுக்க வேண்டுமென்றால் நோயாளியைக் கேட்டபின் எடுக்கச் சொல்லட்டும். ரமலானில் கணக்கிட்டு மொத்தமாய்க் கொடுக்கும் ஸதகாவில் ஒரு பகுதியைப் பன்னிரண்டாய்ப் பிரித்து மாதந்தோறும் அனுப்புவது இயலாத காரியமன்று. பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரங்களின் ஜமாஅத்துகள், வெளியூரிலிருந்து வரும் நோயாளிக் குடும்பம் எந்தச் சமயத்தினராயினும் தங்கிக்கொள்ள ஓர் அறையை ஒதுக்கி வைப்பதும் இயலாத காரியமன்று. பணம் இல்லாதவரிடமும் வாரத்தில் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

பெருந்தொகை கொடுக்க முடியவில்லையே என்று ஏங்குவோருக்கு ஒன்று சொல்வோம். அந்தத் தாய் நம்மிடம் கேட்டது ஒரு மணி நேரம். அதைக் கொடுக்க நமக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. எந்த நிறுவனமும் தேவைப்படவில்லை. அரைநாள் விடுப்பு மட்டும் தேவைப்பட்டது. அதை நாம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்பது நமக்குத் தெரியாது. இறைவன் அவனுக்கு நலமளித்திருக்க வேண்டுமென்று துஆ செய்வதன்றி வேறெதுவும் நம் கையில் இல்லை. ஆனால் இன்னும் எத்தனையோ தாய்மார் இன்றைக்கும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, படுக்கையையும் வரிசையையும் மாறிமாறிப் பார்த்தபடி நிற்கின்றனர். வரும் வாரத்திலும் ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது.